பிஸ்டன் குழி எத்தனை சிசி?

இஞ்சின் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் முடிந்து, அதற்கேற்ற 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் வந்துவிட்டது. சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டும் ஃபேசிங் (அடிப்பரப்பைத் தேய்த்துச் சமமாக்குவது) முடிந்து பட்டறைக்குத் திரும்பிவிட்டது. இனி பூட்ட வேண்டியதுதான் என்ற நேரத்தில் "கம்ப்ரஷன் விகிதம் எவ்வளவு வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சர்வீஸ் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணைத்தான் சொல்வார்கள். அந்த எண் கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்றைய இஞ்சினுக்கு உரியது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) பெருத்து, ஹெட் தேய்க்கப்பட்டு, இரண்டுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட் ஒரு தயாரிப்பு, பிஸ்டன் இன்னொரு தயாரிப்பு என்று ஆன பிறகு அது உங்கள் இஞ்சினின் எண் அல்ல.

இன்னும் சிலர் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, "150 வருது, நல்ல கம்ப்ரஷன்" என்பார்கள். அது செல்ஃப் அடிக்கும்போது சிலிண்டரில் எழும் அழுத்தம். ரிங், வால்வு சீட், கேம் டைமிங், பேட்டரி எல்லாம் சேர்ந்து தரும் எண் அது. விகிதம் என்பது வெறும் கன அளவுக் கணக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றை எடுக்க முடியாது.

கன அளவுக் கணக்கு சின்னதுதான். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் இடம் ஒன்று. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் மேலே மிஞ்சும் இடம் மற்றொன்று. இரண்டையும் கூட்டி, மிஞ்சும் இடத்தால் வகுத்தால் விகிதம். மிஞ்சும் இடத்தில் நாலு பங்கு உண்டு: ஹெட்டில் உள்ள அறை, கேஸ்கெட்டின் கனம், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பிளாக் மட்டத்துக்குக் கீழே விடும் இடைவெளி, பிஸ்டன் தலையில் உள்ள குழி. முதல் மூன்றும் ஓரளவு நேர்வழி. கை வழுக்குவது நாலாவதில்தான்.

கையில் ஒரு இஞ்சின் இருந்தால் பேசுவது சுலபம். மாருதி ஜிப்ஸி, எஸ்டீம் வண்டிகளின் 1298 சிசி இஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்ட் போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 75.5 மி.மீ. அரை மில்லி ஓவர்சைஸ் போட்டால் போர் 74.5. ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் இடம் 329.12 சிசி. கீழே வரும் மற்ற எண்கள் (குழி, ஹெட் அறை, கேஸ்கெட்) கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தவை. உங்கள் இஞ்சினில் நீங்கள்தான் அளக்க வேண்டும்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே எண்: 74.5 மி.மீ. போரில் 1 மி.மீ. ஆழம் என்றால் 4.36 சிசி. இந்த வேலையில் நடக்கும் பாதித் தப்புகள் இதை மறப்பதால் வருகின்றன.

நேராகக் குழியிலேயே ஊற்றினால்?

பிஸ்டனை மேஜையில் நிமிர்த்தி வைத்து, சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக் குழி நிறைய ஊற்றிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. நிறைந்தது என்று எப்போது சொல்வீர்கள்? தண்ணீர் விளிம்பில் வழியாமல், கவிழ்த்த கிண்ணம் போல மேலே புடைத்து நிற்கும். குழியின் விட்டம் 56 மி.மீ. என்றால், அந்தப் புடைப்பு சராசரியாக ஒரு மில்லி இருந்தாலே 2.46 சிசி கூடுதல். நம் இஞ்சினில் அது விகிதத்தை ஏறக்குறைய 0.45 புள்ளி தள்ளிவிடும். அதற்குப் பேசாமல் சர்வீஸ் புத்தக எண்ணையே நம்பலாம்.

புடைப்பை அடக்கக் கண்ணாடி போன்ற தட்டை வைத்து மூட வேண்டும். பிஸ்டன் தலையின் ஓரம் முழுவட்டமாகச் சமதளமாக இருந்து, குழி முழுவதும் அந்த வட்டத்துக்குள் அடங்கியிருந்தால் தட்டைப் பிஸ்டன் மேலேயே வைத்து அளந்துவிடலாம். ஆனால் வால்வுக்காக வெட்டிய பள்ளங்கள் பல பிஸ்டன்களில் ஓரத்தை அறுத்துக்கொண்டு வெளியே போகும். அங்கே தட்டு மூடாது, ஒழுகும். ஓரத்தில் சிறு மேடு இருந்தாலும் தட்டு தூக்கி நிற்கும். அதனால்தான் பிஸ்டனை போருக்குள்ளேயே வைத்து, தெரிந்த ஆழத்துக்கு இறக்கி, மேலே பிளாக் மட்டத்தில் தட்டை வைத்து அளக்கிறோம். நிரம்பிய மொத்தத்திலிருந்து வெறும் உருளையின் கன அளவைக் கழித்தால் மிச்சம் குழி. குழி என்ன வடிவம், பள்ளம் எத்தனை என்ற கவலையே வேண்டாம்.

வெர்னியரை ஒதுக்க வேண்டாம். குழியின் விட்டம் 56, ஆழம் 4 என்றால் 9.85 சிசி. அடியில் மூலை 3 மி.மீ. ஆரத்தில் வளைந்திருந்தால் சுமார் 0.33 சிசி போய் 9.52. வால்வு பள்ளங்கள் இதோடு கொஞ்சம் சேர்க்கும். பியூரெட் (அளவுக்கோடு போட்ட, அடியில் திறந்து மூடும் குழாய் உள்ள கண்ணாடிக் கருவி) 9.6 என்று சொன்னால் நிம்மதி; 12 என்று சொன்னால் எங்கோ ஒழுகுகிறது, 8 என்று சொன்னால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. வெர்னியர் கணக்கின் பயன் இந்த அளவுக்குத்தான்.

சாமான்கள்

50 மி.லி. பியூரெட் ஒன்று, தாங்கியோடு. பள்ளிக்கூட, கல்லூரி லேப்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். ஏ கிளாஸ் என்றால் முழு அளவுக்கு 0.05, பி கிளாஸ் என்றால் 0.1 மி.லி. பிழை அனுமதி. நமக்கு பி போதும். பிழை வேறு இடத்தில் இதைவிடப் பெரிதாக உட்கார்ந்திருக்கும். குழாய் டெஃப்லானாக இருந்தால் நல்லது, கண்ணாடிக் குழாயில் மண்ணெண்ணெய் வழுக்கி ஒழுகும்.

பியூரெட் இல்லையென்றால் ஊசி போடும் சிரிஞ்சை மட்டும் நம்ப வேண்டாம். அதன் கோடுகளில் சில சதவீதம் தப்பு சகஜம், ஐந்து முறை நிரப்பி ஊற்றினால் ஐந்து முறையும் அதே பக்கம் சேரும். நகைத் தராசு, அதாவது 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, இப்போது மலிவு. தண்ணீர்ப் பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்து முதலில் எடை போடுங்கள், நிரப்பிய பிறகு மறுபடி போடுங்கள். குறைந்த எடைதான் உள்ளே போனது. நம்மூர் 30 டிகிரியில் தண்ணீர் ஒரு சிசிக்கு 0.996 கிராம், 44.5 சிசி என்றால் 44.3 கிராம். சொல்லப்போனால் பி கிளாஸ் பியூரெட்டை விட இது துல்லியம்.

தட்டுக்கு 10 அல்லது 12 மி.மீ. கனமான அக்ரிலிக், நூறுக்கு நூறு மி.மீ. துண்டு. 3 மி.மீ. துண்டு கையால் அமுக்கினாலே நடுவில் வளையும், நடுவில் 0.1 மி.மீ. தொய்ந்தாலும் பத்தில் ஒரு பங்கு, பத்தில் இரண்டு பங்கு சிசி பறிபோகும். போரின் ஓரத்துக்கு உட்புறமாக வரும்படி 6 மி.மீ. துளை ஒன்று ஊற்றுவதற்கு, அதன் பக்கத்திலேயே 2 மி.மீ. துளை ஒன்று காற்று போவதற்கு. ஊற்றும் துளையில் ஒரு சூட்சுமம் உண்டு. 10 மி.மீ. கனத்தில் 6 மி.மீ. துளைக்குள்ளேயே 0.28 சிசி பிடிக்கும். திரவம் தட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டவுடன் நிறுத்தாமல், துளை நிறைந்து மேலே தெரியும்வரை ஊற்றுபவர்கள் ஒவ்வொரு முறையும் இந்த 0.28-ஐச் சேர்த்துக்கொள்கிறார்கள். மூன்று முறை அளந்தாலும் மூன்றும் ஒரே மாதிரி வரும், மூன்றுமே தப்பு.

திரவத்துக்கு, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், தெரிவதற்கு ஒரு துளி நீல இங்க். சோப்பு அதிகமானால் நுரை. ஹோன் பண்ணிய (கல்லால் இழைத்து முடித்த) போரில் தண்ணீரா என்று தயங்கினால் மண்ணெண்ணெயில் கொஞ்சம் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலைக் கலந்துகொள்ளலாம். பெட்ரோல் கூடாது: தீ ஒரு பக்கம், கண் முன்னாலேயே ஆவியாகி அளவு குறைவது இன்னொரு பக்கம். ஸ்பிரிட்டும் வேண்டாம், அக்ரிலிக்கில் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும்.

இவற்றோடு வாசலின் அல்லது மெல்லிய வெள்ளை கிரீஸ், டயல் கேஜ் (சிறு உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் கருவி), அதைப் பிளாக் மேல் நிறுத்த ஒரு பாலம் அல்லது காந்தத் தாங்கி.

இறக்கி நிரப்புவது

பிஸ்டன் பழையது என்றால் முதலில் கரியை எடுங்கள். குழிக்குள் படிந்த கரியும் கன அளவைத் தின்னும். இரும்புச் சுரண்டி வேண்டாம், அலுமினியம் சேர்ந்து வரும். ஊற வைத்து மரத்துண்டால் எடுக்கலாம். புதுப் பிஸ்டனாக இருந்தால் ரிங்குடனேயே போருக்குள் விடுங்கள். ரிங் இல்லாமல் விட்டால் பிஸ்டன் இஷ்டத்துக்கு ஆடும்.

பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். கிராங்கில் கோணம் காட்டும் டிகிரி வீல் மாட்டி உச்சியைத் தேட வேண்டியதில்லை, டயல் காட்டும் அதிகபட்ச இடமே போதும். டயலைப் பிளாக் மட்டத்தில் வைத்து ஜீரோ பண்ணி, அதே டயலைப் பிஸ்டன் ஓரத்துக்கு நகர்த்திப் படியுங்கள். எங்கே படிப்பது என்பதில்தான் விஷயம். பிஸ்டன், கிராங்கோடு இணைக்கும் ராடில் தன்னைப் பிடிக்கும் 'பின்' என்ற குறுக்குக் கம்பியை அச்சாக வைத்து இடமும் வலமுமாக ஆடும். அந்தப் பக்கங்களில் படித்தால் 0.05 மி.மீ. கூடும், குறையும். அந்தப் 'பின்' கிராங்குக்கு இணையாக இருக்கிறது. அதனால் இஞ்சினின் முன்பக்கம், பின்பக்கம் பார்த்த இரண்டு ஓரங்களில் படித்துச் சராசரி எடுங்கள். பின்னின் நேர்மேலே உள்ள கோடு ஆட்டத்தில் ஏறி இறங்காது. நம் உதாரணத்தில் உச்சியில் பிஸ்டன் 0.20 மி.மீ. கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இதே நிலையில் பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே உள்ள சந்தில் விரலால் வாசலினை அழுத்தி அடையுங்கள். தலையின் மட்டத்துக்கு வழித்துவிடுங்கள். இப்போது மெதுவாகக் கீழே இறக்குங்கள். போர் சுவரில் ஒரு படலம் ஒட்டி நிற்கும், துணியால் துடைத்துவிடுங்கள். பிஸ்டன் ஓரத்தில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லி முக்கோணமாகக் கிரீஸ் மிஞ்சினாலும் சுற்றளவு முழுக்கச் சேர்ந்து 0.12 சிசி ஆகும், அவ்வளவு இடம் குழியில் குறைந்ததாகக் கணக்கு காட்டும்.

எத்தனை மில்லி இறக்குவது? குழியோடு சேர்த்து மொத்தம் பியூரெட்டுக்குள் அடங்க வேண்டும். 10 மி.மீ. இறக்கினால் உருளை மட்டும் 43.6, குழியோடு 53; பியூரெட் பாதியில் காலியாகி, நடுவில் மறுபடி நிரப்பி, இரண்டு வாசிப்புப் பிழையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 8 மி.மீ. என்றால் உருளை 34.87, மொத்தம் 45-க்குள். அதுதான் சரி. அளந்த ஆழம் சரியாக 8.00 வர வேண்டும் என்ற அவசியமும் இல்லை, 7.93 வந்தால் 7.93 என்று எழுதிக்கொள்ளுங்கள். எண்ணை அழகாக்க கிராங்கை முன்னும் பின்னும் ஆட்டினால் அடைத்த கிரீஸ் கலைந்துவிடும். படித்து முடித்ததும் ஃப்ளைவீல் பல்லில் ஏதாவது செருகி கிராங்கைப் பூட்டுங்கள்.

பிளாக் மேல் மெல்லியதாக வாசலின் தடவித் தட்டை வைத்து, லேசாகச் சுழற்றி அமுக்குங்கள். துளை இருக்கும் பக்கம் கொஞ்சம் மேலே இருக்கும்படி பிளாக்கைச் சாய்க்க வேண்டும். எல்லாவற்றையும் நீர்மட்டம் பார்த்துச் சமமாக வைத்தால் காற்று எங்கே போவதென்று தெரியாமல் தட்டின் நடுவில் வெள்ளிக் காசு போல உட்கார்ந்துகொள்ளும்.

பியூரெட்டில் நிரப்பி, முதலில் கொஞ்சம் வேறு பாத்திரத்தில் திறந்துவிடுங்கள். குழாய்க்குக் கீழே, நுனி வரை, காற்று இல்லாமல் நிரம்பியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் முதல் சில சொட்டுகள் அந்த இடத்தை நிரப்பப் போகும், கணக்கில் உள்ளே போனதாக வரும். வளைவின் அடியைக் கண் மட்டத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு சன்னமாக, சுவரில் வழிய விடுங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் நிறுத்தி, ரப்பர் சுத்தியலால் பிளாக்கின் பக்கத்தில் நாலு தட்டு. குழியின் மூலையிலும் வால்வு பள்ளத்திலும் ஒட்டிய குமிழிகள் அப்போது எழும்பும். நிறைந்த பிறகு தட்டினால் அவை தட்டின் அடியில் மாட்டிக்கொள்ளும். கடைசி அரை சிசியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, திரவம் ஊற்றும் துளையின் அடிவிளிம்பைத் தொட்டதும் குழாயை மூடுங்கள்.

இரண்டு நிமிடம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் ரிங் வழியாக ஒழுகுகிறது. துடைத்து, கிரீஸ் அடைத்து, முதலிலிருந்து. இறங்கவில்லையென்றால் எண்ணை எழுதிக்கொண்டு இன்னும் இரண்டு முறை. மூன்றும் 0.2 சிசிக்குள் நின்றால் போதும்.

வெயிலில் கிடந்த பிளாக்கில் அளக்காதீர்கள். மண்ணெண்ணெய் 10 டிகிரி சூடேறினால் சுமார் ஒரு சதவீதம் பெருக்கும், 44 சிசியில் கிட்டத்தட்ட 0.4. தண்ணீர் அதில் மூன்றில் ஒரு பங்குதான். பிளாக், பியூரெட், திரவம் மூன்றும் ஒரே நிழலில் ஒரு மணி நேரம் இருக்கட்டும்.

கணக்கு

8.00 மி.மீ. ஆழத்தில் 44.50 சிசி போனது என்று வைத்துக்கொள்வோம். உருளை 34.87. மிச்சம் 9.63, இதுதான் குழி. உச்சியில் விடும் 0.20 மி.மீ. இடைவெளி 0.87. கேஸ்கெட் அமுங்கிய பின் 1.20 மி.மீ., அதன் ஓட்டை 75.5 மி.மீ. விட்டம் என்றால் 5.37. ஹெட் அறை 25.60. கூட்டினால் 41.47. 329.12-ஐ இதோடு சேர்த்து இதாலேயே வகுத்தால் 8.94.

இங்கே போர் அளவு எவ்வளவு கெடுக்கும் என்று பாருங்கள். ஓவர்சைஸ் போட்டதை மறந்து 74 என்றே உருளையைக் கணக்கிட்டால், குழி 0.47 சிசி பெரிதாகத் தெரியும். ஆனால் போரில் 0.02 மி.மீ. தப்பினால் வெறும் 0.02 சிசிதான். அதாவது சரியான ஓவர்சைஸைப் போட்டால் போதும், போர் கேஜில் மைக்ரான் பார்க்க வேண்டியதில்லை. ஆழம் அப்படியல்ல: 0.1 மி.மீ. தப்பினால் 0.44 சிசி, விகிதத்தில் 0.08. வெர்னியரின் பின்வால் கம்பியால் ஆழம் பார்ப்பவர்களுக்கு 0.1 மி.மீ. ரொம்ப சாதாரணம். பியூரெட்டில் கண்ணை இடுக்கி 0.05 பார்த்துவிட்டு, ஆழத்தை வெர்னியர் வாலில் பார்ப்பது, தங்கத்தை நிறுத்துவிட்டு அதைக் கைப்பிடியால் அள்ளிக் கொடுப்பது மாதிரி.

ஆனால் இதிலேயே நமக்குச் சாதகமான ஒன்று ஒளிந்திருக்கிறது. டயலின் ஜீரோ 0.05 மி.மீ. தப்பாக உட்கார்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் 0.05 அதிகமாகக் காட்டுகிறது என்று வைப்போம். 8 மி.மீ. ஆழம் 8.05 என்று படிக்கும், உருளை 0.22 சிசி பெரிதாகி, குழி 0.22 சிறிதாகும். அதே டயலில் உச்சி இடைவெளியும் 0.25 என்று படிக்கும், அங்கே 0.22 கூடும். இரண்டையும் கூட்டும்போது பிழை ஒன்றையொன்று அடித்துவிடும். ஆக, விகிதத்துக்குத் தேவை பிஸ்டன் உச்சியிலிருந்து எத்தனை மில்லி இறங்கியது என்பது மட்டும்தான். இந்தச் சலுகை வேண்டுமானால் இரண்டையும் ஒரே கேஜில், ஒரே இரண்டு புள்ளிகளில், நடுவில் ஜீரோவைத் தொடாமல் படிக்க வேண்டும். உச்சி இடைவெளியைப் புத்தகத்திலிருந்தும் குழியைச் சொந்த அளவிலிருந்தும் எடுத்தால் சலுகை போய்விடும்.

6 மி.மீ., 8 மி.மீ. என்று இரண்டு ஆழத்தில் அளந்து குழி ஒன்றாக வருகிறதா என்று சரிபார்க்கும் வழக்கம் உண்டு. வித்தியாசம் 8.72 சிசி வர வேண்டும். போர் அளவு தப்பு, ஒழுகல், டயல் சிக்கிக்கொள்வது எல்லாம் இதில் பிடிபடும். ஜீரோ தப்பு மட்டும் பிடிபடாது, ஏனென்றால் அது இரண்டிலும் ஒரே அளவு.

அப்படியானால் இறக்கவே வேண்டாமே, உச்சியிலேயே வைத்து நிரப்பினால் குழியும் இடைவெளியும் சேர்ந்து 10.50 என்று ஒரே வாசிப்பில் வந்துவிடுமே என்று கேட்கலாம். கணக்குப்படி அதுவே சிறந்த வழி. கையில் செய்தால் வேலைக்காகாது. தட்டுக்கும் பிஸ்டன் ஓரத்துக்கும் நடுவே இருப்பது 0.20 மி.மீ. சந்து. அதற்குள் திரவம் ஓர் இடத்தில் ஓடும், ஓர் இடத்தில் காற்று நிற்கும், இன்னோர் இடத்தில் தட்டின் கிரீஸ் பிதுங்கி அடைத்துக்கொள்ளும். அந்தச் சந்தின் மொத்தக் கன அளவே 0.38 சிசி; அதில் எவ்வளவு நிரம்பியது என்று யாராலும் சொல்ல முடியாது.

மேல் ரிங்குக்கு மேலே பிஸ்டன் பக்கவாட்டுச் சந்தும் உண்மையில் மிஞ்சும் இடத்தைச் சேர்ந்ததே. ஆரத்தில் 0.25, உயரம் 5 மி.மீ. என்றால் 0.29 சிசி. நாம் அதைக் கிரீஸால் அடைத்துவிட்டோம். சேர்த்தால் 8.94 என்பது 8.88 ஆகும். சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் போன இஞ்சினோடு ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே மாதிரி செய்திருக்க வேண்டும். பந்தய வண்டி என்றால் பேச்சு வேறு. ஹோமலோகேஷன் தாளில் (பந்தயத்துக்கு அனுமதித்த அளவுகள் உள்ள தாள்) எழுதிய எல்லையை ஒட்டி இஞ்சின் கட்டும்போது, பரிசோதகர் எந்த முறையில் அளப்பார் என்று தெரிந்துகொண்டு அதே முறையில் நீங்களும் அளந்து வையுங்கள்.

கேஸ்கெட்டைப் புதிதாக வைத்து மைக்ரோமீட்டரில் பார்த்தால் அமுங்காத கனம்தான் தெரியும். அதே தயாரிப்பில் கழற்றிய பழையது இருந்தால் ஓட்டையைச் சுற்றியுள்ள நெருப்பு வளையத்தை ஒட்டி நாலைந்து இடத்தில் அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை பல கேஸ்கெட்டில் வட்டமாக இருக்காது. கிராஃப் தாளில் வரைந்து கட்டங்களை எண்ணிப் பரப்பு எடுப்பது பத்து நிமிட வேலை.

கேட்டலாக் எண்கள்

பிஸ்டன் கேட்டலாக்கில் குழி −9.6 என்றும் இருக்கும், +9.6 என்றும் இருக்கும். சிலர் குழி அறையைப் பெரிதாக்குவதால் கூட்டல் போடுகிறார்கள். சிலர் பிஸ்டனில் உலோகம் குறைவதால் கழித்தல் போடுகிறார்கள். குறியைப் பார்க்காமல் கணக்குப் பெட்டியில் தட்டினால் 9.6 கூட வேண்டிய இடத்தில் கழிந்து, மிஞ்சும் இடம் 22 சிசியாகி, விகிதம் 15-ஐத் தாண்டி வந்து நிற்கும். அவ்வளவு பெரிய தப்பு கண்ணில் படும். 2 சிசி குழிக்குக் குறி மாறினால் கண்ணில் படாது, அதுதான் ஆபத்து.

மேடு உள்ள பிஸ்டனுக்கும் இதே முறைதான். மேட்டின் உச்சி தட்டைத் தொடாத அளவுக்கு இறக்குங்கள். இப்போது உருளையை விடக் குறைவாகத் திரவம் போகும். குறைந்த அளவு மேடு. பாதி மேடு, பாதி வால்வு பள்ளம் என்று கலந்திருந்தாலும் நிகர அளவு தானாக வந்துவிடும்.

குழி சரியாக இருந்தாலும் பின் மையத்திலிருந்து தலைவரை உள்ள உயரம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம். அமெரிக்க வி8 இஞ்சின்களுக்கு ரீபில்ட் பிஸ்டன் என்று விற்பவற்றில் சில, பிளாக் ஃபேசிங்கை ஈடுகட்ட 0.020 அங்குலம், அதாவது அரை மில்லி, உயரம் குறைத்தே வார்க்கப்படுகின்றன. பிளாக்கைத் தேய்க்காமல் அதைப் போட்டால் விகிதம் இறங்கிவிடும். நம் போரில் அரை மில்லி என்றால் 2.18 சிசி. அதனால் நாலு சிலிண்டரிலும் உச்சி இடைவெளியைப் படித்தே ஆக வேண்டும்.

அளந்த பிறகு

நாலு குழியும் 9.63, 9.58, 9.70, 9.61 என்று வந்தால் அப்படியே விடுங்கள். அந்த வித்தியாசம் நம் கைப்பிழைக்குள் அடக்கம். கிரைண்டரை எடுத்துச் சமப்படுத்தப் போனால் பிழையைத்தான் பிஸ்டனில் செதுக்குவீர்கள். அரை சிசிக்கு மேல் விலகினால், பெரிய குழியைச் சின்ன ஹெட் அறையோடு ஜோடி சேர்த்துப் பாருங்கள். ராடில் ஏற்றும் முன்பே இதைப் பார்த்தால் மாற்றுவது சுலபம். பிஸ்டனை வெற்று ராடில் மாட்டி ஒரே சிலிண்டரில் வைத்து நாலையும் அளந்துவிடலாம்.

நம் இஞ்சினில் ஒரு சிசி என்பது விகிதத்தில் 0.19. இது எல்லா இஞ்சினுக்கும் பொது அல்ல. அதே 329 சிசி சிலிண்டரில் மிஞ்சும் இடத்தை 30-க்குக் குறைத்து 12-ஐ நெருங்கிவிட்டால், ஒரு சிசி 0.35 ஆகிவிடும். 97.2 சிசி பைக் இஞ்சினில் விகிதம் 9 என்றால் மிஞ்சும் இடமே 12.15 சிசி, அங்கே ஒரு சிசி தப்பினால் 0.6 போய்விடும். பைக் பிஸ்டனை அளப்பவர் 10 மி.லி. பியூரெட்டும் சின்னத் தட்டும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

8.94-ஐ 9.4 ஆக்க வேண்டும் என்றால் மிஞ்சும் இடம் 39.18 ஆக வேண்டும், 2.29 சிசி குறைய வேண்டும். ஹெட்டைத் தேய்ப்பது என்றால் அறையின் வாய்ப் பரப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும், போர் பரப்பு அல்ல. வாய் 32 சதுர செ.மீ. என்றால் 0.72 மி.மீ. தேய்க்க வேண்டும். அது நிறைய. கேம் கீழே இறங்கி பெல்ட் டைமிங் பின்தங்கும், வால்வு பிஸ்டனை நெருங்கும். கேஸ்கெட்டை அரை மில்லி மெல்லியதாக்கினால் 2.24 சிசி அங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தட்டையான இடைவெளி 1.4-லிருந்து 0.9 மி.மீ. ஆகும். எரிப்புக்கு அது நல்லதுதான், அதற்குக் கீழே போக மட்டும் வேண்டாம். அதிக ஆர்பிஎம்மில் ராட் நீள்வதும் பிஸ்டன் ஆடுவதும் மிச்ச இடத்தைக் கேட்கும். எந்த வழியில் போனாலும் பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் (களிமண் போன்ற மெத்தென்ற பொருள்) ஒட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, வால்வுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

எல்லா எண்ணையும் சிலிண்டர் வாரியாகத் தாளில் எழுதுங்கள்: ஆழம், உச்சி இடைவெளி, மூன்று வாசிப்பு, பயன்படுத்திய திரவம். பிஸ்டன் தலையின் முன்பக்க அம்புக்குறிக்குப் பக்கத்தில் மார்க்கரால் சிலிண்டர் எண்ணைப் போடுங்கள். பிறகு திரவத்தை உறிஞ்சி எடுத்து, சந்தில் அடைத்த வாசலினை ரிங் இடுக்குவரை சுத்தமாகத் துடைத்து, போரில் உடனே ஆயில் தடவுங்கள். தண்ணீரில் அளந்திருந்தால் அன்று சாயங்காலம்வரை தள்ளிப்போட வேண்டாம். புதிதாக ஹோன் பண்ணிய வார்ப்பிரும்பில் சில மணி நேரத்திலேயே செம்புள்ளிகள் தெரிய ஆரம்பித்துவிடும்.